கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்க்க வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களே, தங்கைமார்களே,

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் பிறந்து வளர்ந்த வேட்டை நாய்கள் இன்றைக்குக் கோயம்புத்தூர்த் தென்னந்தோப்புகளுக்கும், ஓசூர்ப் பண்ணைகளுக்கும், சென்னைக்கு வெளியே வாங்கிப்போட்ட மனைகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாயையும் தேடத் தொடங்கியவர்கள் உங்களில் உண்டு. 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் வரும் கருப்பி என்ற நாயைப் பார்த்து மனசு இளகி வந்தவர்களும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகு வந்தவர்களும் இருப்பீர்கள். எந்த வழியில் வந்திருந்தாலும் சரி, இந்த நாய்களை வளர்க்க ஆள் கிடைத்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி.

ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல். குட்டி வாங்க வருகிறவர்கள் தாய் தகப்பனைப் பற்றிக் கேட்கிறார்கள், நிறம் கேட்கிறார்கள், வேகம் கேட்கிறார்கள், விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தக் குட்டி எங்கே படுக்கப்போகிறது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. குட்டி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, செருப்பைக் கடிக்கிறது, கோழியை விரட்டுகிறது என்றான பிறகு, அவசரமாக ஓர் இரும்புக் கூண்டை வாங்கி மொட்டை வெயிலில் வைத்துவிடுகிறார்கள். நாலு அடிக்கு மூன்று அடி, மேலே தகரம், கீழே கம்பி. மேய்ச்சல் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அதற்குள் மடங்கிக் கிடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்த நாய்க்குக் கொட்டகை என்பது படுக்கவும் வெயிலுக்கு ஒதுங்கவும் உள்ள இடம். நாள் முழுக்க அடைத்து வைக்கும் இடம் அல்ல. அப்படி ஒரு கொட்டகை கடையில் கிடைக்காது. நம் மண்ணையும் வெயிலையும் அந்த நாயின் உடம்பையும் பார்த்து நாமே கட்ட வேண்டியது.

முதலில் அந்த உடம்பைச் சொல்கிறேன். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. தோல் மெல்லியது, ரோமம் குட்டை, தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. இந்த அமைப்புதான் அதற்கு வேகத்தைக் கொடுத்தது. அதே அமைப்பு கடினமான தரையைத் தாங்காது. வெறும் சிமெண்டுத் தரையில் சில மாதம் படுத்த நாயின் முன்னங்கால் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் தடித்துக் கறுத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் நீர் கோத்து வீங்கும். மார்கழிப் பனியும் அதற்கு ஆகாது. ராஜபாளையம் இன்னும் கனத்த நாய், ஆனால் வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. கடும் வெயில் அதன் தோலைச் சுட்டுவிடும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. ஹாரன் சத்தம் கேட்காத நாயை ரோட்டோரம் அவிழ்த்துவிட முடியாது. வேலிதான் அதற்குக் காவல்.

வேலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவை வேட்டை நாய்கள்தான். ஆனால் வேட்டைக்கு விடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைத் தடுக்கிறது. மயிலுக்கு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம், அதாவது ஆக உச்சப் பாதுகாப்பு. கரிசலில் இன்று முயலைவிட மயில்தான் கண்ணில் அதிகம் படுகிறது. நாய்க்குச் சட்டம் தெரியாது. கண்ணில் அசைவது எதுவோ அதை விரட்டும். அதை அடக்கி வைக்கும் பொறுப்பு நம்முடையது. அதற்காகக் குறுகிய சங்கிலியில் நாள் கணக்கில் கட்டிப்போடுவதும் குற்றமே. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், அசைந்து திரும்ப இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், நியாயமில்லாத அளவு குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் வெகுநேரம் கட்டிவைப்பதையும், கட்டிவைத்த நாயை உலாவ விடாததையும் வதை என்றே சொல்கிறது. ஆக, அவிழ்த்தும் விட முடியாது, கட்டியும் போட முடியாது. நல்ல கொட்டகையும் அதை ஒட்டி வேலியடைத்த நீளமான முற்றமும்தான் வழி.

இனி இடம். வீட்டு வாசலில் நின்றால் கொட்டகை கண்ணில் பட வேண்டும். கூப்பிட்டால் நாய்க்குக் கேட்க வேண்டும். தோட்டத்துக் கடைசியில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் கட்டினால் நீங்கள் நாளுக்கு ஒரு தடவை சோறு வைக்க மட்டும்தான் அங்கே போவீர்கள். இந்த நாய்கள் தம் ஆளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டவை. மனுச வாடையே இல்லாமல் தனித்து வளர்ந்தால் வெறித்துப்போகும், அல்லது பயந்து ஒடுங்கும். மழைத்தண்ணீர் தேங்காத மேட்டைப் பாருங்கள். பக்கத்தில் வேம்போ புங்கனோ நின்றால் பாதி வேலை முடிந்தது. மரம் இல்லையென்றால் கொட்டகைக்கு வாணம் தோண்டும் அன்றைக்கே மேற்குப் பக்கம் ஒரு புங்கங்கன்றை நட்டுவிடுங்கள்.

திசை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நம் ஊரில் நாயை வதைப்பது பிற்பகல் மேற்கு வெயில். ஆகவே மேற்கில் முழுச் சுவர். அது ஆடிக் காற்றின் புழுதியையும் தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் மூன்றடிச் சுவர் எழுப்பி அதற்கு மேல் கம்பிவலை போட்டு, அடைமழைக் காலத்தில் மட்டும் படுதா இறக்கிக்கொள்ளலாம். வாசல் தெற்கே பார்த்து, மேலே மூன்றடி இறவாணம் நீட்டிவிட்டால் சாரல் உள்ளே வராது. ஒரு நாய்க்கு உள்ளே ஆறடிக்கு ஐந்தடி போதும். உயரம் மட்டும் ஏழடிக்குக் குறைய வேண்டாம். நாய்க்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் நிமிர்ந்து நின்று கூட்டிக் கழுவ வசதியில்லாத கொட்டகையை ஒருநாளும் ஒழுங்காகக் கழுவ மாட்டீர்கள்.

கரிசல் மண்ணில் கட்டுகிறவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். கரிசல் கோடையில் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அந்த மண்ணின் மேலேயே அரையடி வாணம் தோண்டிச் சுவர் எழுப்பினால் இரண்டே வருசத்தில் சுவர் விரிசல் விடும். நாய்க் கொட்டகைதானே, விரிசல் விட்டால் என்ன என்று கொத்தனார் சொல்வார். அந்த விரிசல்தான் நாய்க்கு எமன். ஏனென்றால் உண்ணி குடியிருப்பது அங்கேதான்.

உண்ணியின் பிழைப்பைத் தெரிந்துகொண்டால் கொட்டகை எப்படிக் கட்ட வேண்டும் என்பது தானாகப் புரியும். நாயின் காது மடலிலும் விரலிடுக்கிலும் நாம் பார்ப்பது உண்ணிக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக ஏறி ரத்தம் குடிக்கும், கீழே விழும், தோலுரிக்கும், மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை. கடைசியில் பெண் உண்ணி ஆமணக்கு முத்துபோல் உப்பி, சாம்பல் நிறத்தில் பொத்தென்று தரையில் விழும். விழுந்த இடத்திலேயே கிடக்காது. சுவரோரமாக ஊர்ந்து, மேல்நோக்கி ஏறி, கண்ணுக்கு எட்டாத ஒரு வெடிப்பைத் தேடி நுழைந்துகொள்ளும். அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிமெண்டு பெயர்ந்த இடுக்கில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று முட்டைக் குவியல் தெரியும். நாயைக் குளிப்பாட்டி, மருந்து போட்டு, உண்ணியையெல்லாம் பொறுக்கிவிட்டு, அதே சுவருக்குள் மறுபடி விட்டால் என்ன பலன்? பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். உண்ணிக் காய்ச்சலில் நாய் தீனி எடுக்காது, ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வடியும். வளர்ந்த நல்ல நாய்கள் பலவற்றை அப்படிப் பறிகொடுத்திருக்கிறோம்.

ஆகவே அடித்தளத்தில் காசைப் போடுங்கள். கரிசலை வெட்டி எடுத்துவிட்டு மணலும் கிராவலும் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஓட்டி, பிறகு சுவர் எழுப்புங்கள். சுவர் குறைய இருந்தால் வெடிப்பும் குறைவு. மேற்கைத் தவிர மற்ற பக்கங்களில் அரைச்சுவர் போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உள்பக்கம் வழவழவென்று பூசுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். வருசத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால், இடுக்குகளைச் சிமெண்டு வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். சுவருக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பருத்திக்கு அடித்து மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். உண்ணியோடு நாயும் போய்விடும்.

கூரையில் பலருக்குக் குழப்பம். பனையோலைக்கு இணையான குளுமை வேறெதிலும் இல்லை. ஆனால் ஓலைக்குள் எலி கூடு கட்டும், உண்ணியும் ஒளியும். வெறும் தகரமோ சித்திரை வெயிலில் கொதிக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கீழே தகரம், அதற்கு மேல் சவுக்குக் கம்பு வைத்து நாலு விரற்கடை இடைவெளி விட்டு, அதன் மேல் ஓலையோ கீற்றோ வேயுங்கள். இடைவெளியில் காற்று ஓடும், உள்ளே வெக்கை இறங்காது. கீழிருந்து பார்த்தால் வழவழப்பான தகரம்தான் என்பதால் உண்ணி ஓலைக்குப் போவதும் குறையும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஓலையை மாற்றிவிட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் மறக்காமல் ஓலையை நனைத்து வையுங்கள். வெடிச் சத்தம் ஓயும்வரை நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த நிலை வராமல் இருக்க, கொட்டகையின் நிழல் விழும் பக்கம் நாலடிச் சதுரத்தில் ஆற்று மணல் கொட்டி, கோடையில் மத்தியானம் ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். நாய் தானே பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

தரை சொரசொரப்பான சிமெண்டாக இருக்கட்டும். வழுக்கும் டைல்ஸ் ஓட்டக்கார நாயின் காலைக் கெடுக்கும். பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் கொடுத்தால் கழுவிய தண்ணீர் நிற்காது. அந்தத் தண்ணீர் போகும் சாக்கடையை மூடி வையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். படுக்க, தரையிலிருந்து அரையடி உயரத்தில் பலகை மேடை போட்டு அதன் மேல் சாக்கு விரியுங்கள். சிறிய கயிற்றுக் கட்டில் இன்னும் விசேஷம். சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் காயப்போடுங்கள். மீந்த சோற்றை அங்கே விட்டுவைக்காதீர்கள். சோற்றுக்கு எலி வரும். எலிக்கு நாகமும் கண்ணாடி விரியனும் வரும். பாம்பைக் கண்டு ஒதுங்கிப்போகும் நாய்கள் அல்ல இவை.

முற்றத்தைச் சதுரமாக அடைக்காமல் நீளமாக அடையுங்கள். எட்டடி அகலம், முப்பதடிக்குக் குறையாத நீளம். இடம் இருந்தால் இன்னும் நீட்டுங்கள். வேலி ஏழடி உயரம் வேண்டும். கன்னி நின்ற இடத்திலிருந்து எழும்பும் உயரம் புதிதாக வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். கல்தூண் நட்டுக் கம்பிவலை கட்டுங்கள், அடியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு வலையைப் புதைத்துவிடுங்கள். முள்கம்பி வேண்டவே வேண்டாம். இந்த மெல்லிய தோல் முள்கம்பியில் பட்டால் கீறலோடு நிற்காது, பிளந்துவிடும். இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய்கள். ரோட்டில் போகும் ஆடு, சைக்கிள் எல்லாம் தெரிந்தால் நாள் முழுக்க வேலியோரம் ஓடிக் குரைத்தே இளைத்துப்போகும். ரோட்டுப் பக்கம் நாலடி உயரத்துக்குத் தட்டி வைத்து மறையுங்கள். வீட்டுப் பக்கம் திறந்திருக்கட்டும். கதவு உள்நோக்கித் திறக்க வேண்டும். கொண்டிக்கு மேல் ஒரு கொக்கியும் போடுங்கள். மூக்கால் தட்டித் திறக்க இவை சீக்கிரம் பழகிவிடும்.

தண்ணீருக்குக் கல்தொட்டி நல்லது, கவிழ்க்க முடியாது. காலையும் மாலையும் மாற்ற வேண்டும். பெட்டை வளர்க்கிறவர்கள் முற்றத்தின் ஒரு பகுதிக்காவது மேலேயும் வலை போடுங்கள். வருசத்துக்கு இரண்டு தடவை, மூன்று வாரம் வரை நீளும் பருவத்தில் ஊர் நாயெல்லாம் வேலி ஏறப் பார்க்கும். குட்டி ஈனும் மூலையில் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி ஒரு கட்டை அடித்துவிட்டால் தாய் திரும்பிப் படுக்கும்போது குட்டி நசுங்காது. பார்வோ என்ற தொற்றுநோய் வந்து குட்டி செத்த இடத்தில் உடனே வேறு குட்டியை விடாதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு பிளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. பினாயிலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் கொட்டகை ஓட்டத்துக்கு ஈடாகாது. விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும், வேலியடைத்த தரிசிலோ, முயலும் மயிலும் இல்லை என்று நிச்சயம் தெரிந்த இடத்திலோ இந்த நாய் கால் நீட்டி ஓட வேண்டும். பகலில் கொட்டகைக் கதவு முற்றத்துக்குத் திறந்தே கிடக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்களும், முப்பதடி நிலம் இல்லாதவர்களும் இந்த இனத்தை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையத்தைத் தபால்தலையில் அச்சிட்டது. நம் நாய் தபால்தலையில் வந்தது என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நாயின் முட்டித் தோலிலும் ஈறின் நிறத்திலும் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வாணத்தைத் தோண்டுங்கள். சுவர் பூசி, கூரை வேய்ந்து, வேலி கட்டி, ஒரு சித்திரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீங்களே அந்தப் பலகையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களால் உட்கார முடிந்தால் அதற்குப் பிறகு குட்டியைப் போய்ப் பாருங்கள். குட்டி விற்கும் அண்ணன்மார்களும், வாங்க வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன்னால், கொட்டகை கட்டியாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கரிசல் காட்டில் நாய் வளர்க்கும் உங்கள் அண்ணன்